பக்கி எஞ்சின் தட்டுகிறதா? சத்தத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி பக்கியை, அதாவது பின்னால் சரக்குத் தட்டு உள்ள பிக்கப் வண்டியை, நம்பி ஓடும் பிழைப்புகள் எத்தனையோ. டொங்காட்டிலும் வெருலத்திலும் காய்கறி பயிரிடுகிறவர்கள் விடியுமுன் சந்தைக்குப் போக வேண்டும். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கட்டட வேலை, பைப் வேலை, பெயின்ட் வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் பட்டறையும் வண்டியும். தைப்பூசம் வந்தால் காவடியும் பால்குடமும் அதில்தான் கோயிலுக்குப் போகும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு நாள் எஞ்சின் தட்ட ஆரம்பித்தால் மனசு பதறும்.

அந்தப் பதற்றத்தில் நம் ஆட்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "ஓடுதுல்ல அண்ணா, ஓடட்டும்" என்று அப்படியே ஓட்டுகிறார்கள். இல்லையென்றால் யாரோ ஒருவர் பானட்டைத் திறந்து அரை நிமிஷம் கேட்டுவிட்டு "எஞ்சின் போச்சு, வேற போட்டுடு" என்று சொன்னதை நம்பிப் பெருந்தொகையைக் கொட்டுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். எஞ்சின் தட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு காரணங்கள் உண்டு. சில, பெட்ரோலை மாற்றிப் போட்டாலே போய்விடும். சில, இன்னும் 20 கி.மீ. ஓட்டினால், பிஸ்டனைச் சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு எஞ்சின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். எது எது என்று பிரித்தறிய அதிகம் வேண்டியதில்லை. சத்தம் எந்த நேரத்தில், எந்த நிலையில் வருகிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்பேனரை எடுப்பது அதற்கு அப்புறம்.

ஆயிலைப் பார்க்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து பத்து நிமிஷம் விடுங்கள். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள்.

அளவு குறைந்திருந்தால், கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றி நிரப்புங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து கேளுங்கள். சத்தம் போய்விட்டால் தப்பித்தீர்கள். ஆனால் ஆயில் எங்கே போயிற்று என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

அளவு கூடியிருந்தால் பலரும் நல்லது என்று நினைக்கிறார்கள். அது கெட்ட அறிகுறி. நீங்கள் ஊற்றாமல் ஆயில் ஏறியிருக்கிறது என்றால் டீசலோ பெட்ரோலோ, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டோ உள்ளே கலந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், எரிபொருள் வாடை தெரியும். புகைக் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் ஃபில்டர் உள்ள புதிய டீசல் பக்கிகளை எப்போதும் சின்னச் சின்னத் தூரத்துக்கே ஓட்டினால், ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துப் போனால், சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்கைக் காக்கும் படலம் மெலிந்துவிடும். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்போது தட்டும் சத்தத்தை விட்டுவிட்டு முதலில் ஹெட் கேஸ்கட்டையும் ஆயில் கூலரையும் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. அடியிலிருந்து கனமாகத் தட்டுகிறது, ஆயில் விளக்கும் எரிகிறது என்றால், இருந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள். என்-3 சாலையின் ஓரமாக இருந்தாலும் சரி, வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் சரி. கட்டியிழுத்துப் போகிற செலவு, கிராங்க் வாங்குகிற செலவில் ஒரு சிறு துண்டு.

எப்போது, எங்கே, எந்தத் தாளத்தில்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் குளிர்ந்த எஞ்சினில் வருகிறதா, சூடான பிறகா? சும்மா நிற்கும்போதா, மேட்டில் பாரத்தோடு ஏறும்போதா, ஆக்சிலரேட்டரை விடும்போதா? எஞ்சினின் மேலேயா, அடியிலா, முன்பக்க பெல்ட் பகுதியிலா, கியர்பாக்ஸ் சேரும் இடத்திலா? கிராங்க் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டா, இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டா?

கடைசிக் கேள்வி கொஞ்சம் பழக வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் வால்வு, டாப்பெட் சத்தம் நிதானமாக, மேலிருந்து "டிக் டிக்" என்று வரும். பிஸ்டன், பின், ராடு பேரிங் சத்தம் அதைவிட வேகமான தாளத்தில், பெரும்பாலும் கீழிருந்து வரும்.

இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பேர்ஸ் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்கலாம். வால்வு கவர், பிளாக்கின் பக்கவாட்டு, அடியில் ஆயில் தங்கும் சம்ப், டைமிங் கவர் என்று ஒவ்வொன்றாகப் போங்கள். ஃபேனும் பெல்ட்டும் ஓடும் பக்கத்தில் தொங்கும் சட்டைக்கை, சங்கிலி, தாலிக்கயிறு எதுவும் இருக்கக் கூடாது. இதைச் சடங்குக்காகச் சொல்லவில்லை.

முதலில் எளிய சந்தேகங்களைத் தள்ளுங்கள்

எஞ்சினுக்குள்ளே போகும் முன் வெளியே இருப்பதைச் சோதியுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிந்தால் காலையில் டிக் டிக் என்று வந்து, இரும்பு சூடாகி விரிந்ததும் மறைந்துவிடும். ஆல்டர்னேட்டரை ஓட்டும் வெளி பெல்ட்டை ஒரு முறை கழற்றிவிட்டு அரை நிமிஷத்துக்குள் ஸ்டார்ட் செய்து அணையுங்கள். சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர், ஐட்லர் புல்லி, ஏசி கம்ப்ரஸர், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்றின் பேரிங்தான். வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டில் ஓடும் எஞ்சின்களில் அரை நிமிஷத்தைத் தாண்டாதீர்கள். கிராங்க் புல்லி போல்ட் தளர்ந்திருந்தால் ராடு பேரிங் போன மாதிரியே தட்டும். அதைத் திருகிப் பார்க்காமல் எஞ்சினை இறக்கியவர்கள் உண்டு.

கிளட்சை மிதித்ததும் சத்தம் மாறினால் டூயல் மாஸ் ஃப்ளைவீலையோ கிளட்ச் பேரிங்கையோ சந்தேகப்படுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் விரிசல் விட்ட ஃப்ளெக்ஸ் பிளேட், ராடு பேரிங் போன சத்தத்தை அப்படியே நடிக்கும்.

பெட்ரோல் பக்கி: மேடேறும்போது வரும் கிலுகிலு

மூன்றாவது நான்காவது கியரில், குறைந்த சுற்றில், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். காலை எடுத்ததும் நின்றுவிடும். பைன்டவுனிலிருந்து க்ளூஃபுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏறும்போது இதைக் கேட்டவர்கள் நிறைய. இதைத்தான் பிங்கிங் என்கிறோம்.

உள்ளே நடப்பது இது. ஸ்பார்க் பிளக் கொளுத்திய தீ ஒரு ஓரத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருவதற்கு முன்பே, மறு ஓரத்தில் நசுங்கிச் சூடேறிய கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதுவதுதான் நம் காதில் விழுகிறது. எப்போதாவது லேசாக வந்தால் ஆபத்தில்லை. தொடர்ந்து வந்தால் பிஸ்டனின் விளிம்பைத் தின்னும், ரிங் இருக்கும் இடத்தை உடைக்கும், ஹெட் கேஸ்கட்டைத் துளைக்கும், கடைசியில் ராடு பேரிங்கையும் நசுக்கும்.

காரணங்களை மலிவானதிலிருந்து தேடிக்கொண்டு போங்கள்.

முதலில் எரிபொருள். இந்த நாட்டில் 93, 95 என இரண்டு ஆக்டேன் பெட்ரோல் விற்கிறார்கள். ஆக்டேன் எண் கூடினால் தானாக வெடிப்பதைத் தாங்கும் திறன் கூடும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் டர்பனைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறைவு, நசுங்கும்போது ஏறும் அழுத்தமும் குறைவு. அதனால் டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே 93 போதும். ஆனால் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் 93 நிரப்பிக்கொண்டு கல்யாணத்துக்கு டர்பன் வந்து, இங்கே முழுப் பாரத்தோடு மேடேறினால் அதே பெட்ரோல் தட்டும். உங்கள் வண்டியில் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. டாங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் 95 நிரப்பி, ஒரு டாங்க் ஓட்டிப் பாருங்கள். டர்போ உள்ள எஞ்சினுக்கு இந்த உயரக் கணக்கு பொருந்தாது, ஏனென்றால் குறைந்த அழுத்தத்தை டர்போ ஈடுகட்டிவிடும். அதற்குக் கையேட்டில் சொன்ன ஆக்டேனை எங்கே இருந்தாலும் போடுங்கள். ஆக்டேன் பூஸ்டர் குப்பிகளுக்குச் செலவழிப்பதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அந்தக் காசுக்கு நல்ல ஸ்பார்க் பிளக் வாங்கலாம்.

95 போட்டும் நிற்கவில்லையா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். எத்தனை விஷயம் சொல்லும் தெரியுமா அது! இளம் பழுப்பு நிறம் நலம். பீங்கான் வெள்ளையாக வெளுத்து, கொப்புளம் விட்டிருந்தால் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பீங்கானில் மிளகுப்பொடி மாதிரிக் கரும்புள்ளியும் வெள்ளி மினுக்கும் தெரிந்தால், பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறிக்கத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள். கையேட்டில் உள்ள வெப்ப எண் கொண்ட பிளக்கையே போட வேண்டும். கடைக்காரர் "இதுவும் பொருந்தும்" என்று தருவது நூலில் பொருந்தும், வெப்பத்தில் பொருந்தாமல் போகலாம். அளவுக்கு மீறிச் சூடான பிளக் முனை, ஸ்பார்க் வரும் முன்னரே கலவையைக் கொளுத்திவிடும். அது பிங்கிங்கைவிடக் கொடியது.

அடுத்து வெப்பம். கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், விஸ்கஸ் ஃபேன் மூன்றையும் பாருங்கள். கரும்பு வெட்டுக் காலத்தில் வடக்குக் கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. தோட்டம் எரிக்கும்போது பறக்கும் கரித்துகளும் சோகையும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போய் அடையும். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். கண்டென்சரைக் கொஞ்சம் நகர்த்தி இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள், கைநிறைய குப்பை வரும். பின்பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின் மடங்கிவிடும். ஏர் ஃபில்டரையும் அந்தக் காலத்தில் அடிக்கடி பாருங்கள்.

நான்காவது, கலவையில் பெட்ரோல் குறைவு. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி ஸ்கேனரைச் செருகி லாங் டெர்ம் ஃபியூவல் டிரிமைப் படியுங்கள். கூட்டல் பக்கம் 10 சதவீதத்துக்கு மேல் நின்றால், எஞ்சின் பெட்ரோல் போதாமல் தவித்துக் கூடுதலாகக் கேட்கிறது. சும்மா நிற்கும்போது அதிகமாகவும் சுற்று ஏற ஏறக் குறைந்தும் வந்தால், இன்டேக்கில் எங்கோ காற்று கசிகிறது: வெடித்த வேக்குவம் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கட். மாறாக, பாரத்தில்தான் அதிகமாகிறது என்றால் பெட்ரோல் ஃபில்டர், பம்ப் அழுத்தம், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் அழுக்கு. காற்றளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சரை அதற்கான கிளீனர் தெளித்து மட்டும் சுத்தம் செய்யுங்கள், துணி படக் கூடாது.

ஐந்தாவது கார்பன். பல வருஷம் நகரத்துக்குள்ளேயே ஓடிய எஞ்சினில் பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரி படிந்து, எரியும் அறை சுருங்கி, கம்ப்ரஷன் ஏறிவிடும். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். கையேட்டு அளவைவிட எல்லாச் சிலிண்டரும் அதிகமாகக் காட்டினால் கரிதான். பிளக் துளை வழியாக போரஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை விட்டால் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல டிடர்ஜென்ட் உள்ள இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றி நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டினால் ஓரளவு குறையும். தடித்துப் போயிருந்தால் ஹெட்டைக் கழற்றிச் சுரண்டுவதைத் தவிர வழியில்லை.

ஈ.ஜி.ஆர் வால்வு மூடியபடியே அடைத்துக்கொண்டாலும் சீரான வேகத்தில் ஓடும்போது பிங்கிங் வரும். எரிந்த வாயு உள்ளே திரும்பி வந்து வெப்பத்தைக் குறைக்க வேண்டிய வேலை நடக்காமல் போவதால்தான்.

நாக் சென்சார் கடைசியில். அது பிளாக்கில் திருகப்பட்ட ஒரு காது. தட்டலைக் கேட்டதும் கம்ப்யூட்டர் இக்னிஷனைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். பி0325 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் முதலில் வயரையும் கனெக்டரையும் பாருங்கள். எலி கடித்த வயர்கள் தோட்டத்து வண்டிகளில் சாதாரணம். புதிய சென்சார் போட்டால் முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்கே முறுக்குங்கள். கூடவோ குறையவோ முறுக்கினால் அதன் கேட்கும் திறனே மாறிவிடும்.

2008 வரை ரோஸ்லினில் தயாரான நிசான் 1400 இன்னும் நம் தெருக்களில் ஓடுகிறது. அதில் சென்சாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. டைமிங் லைட்டை முதல் சிலிண்டர் வயரில் மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்து, சும்மா நிற்கும் சுற்றில் புல்லிக் குறியைப் பாருங்கள். பிறகு சுற்றை ஏற்றுங்கள். குறி சீராக முன்னேறி, சுற்றைக் குறைத்ததும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒட்டிக்கொண்டு திரும்பவில்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்கும் துருவேறியிருக்கின்றன. காதால் மட்டும் கேட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

டீசல் பக்கி: எது இயல்பு, எது கோளாறு

டீசலுக்கு இயல்பாகவே ஒரு தட்டல் உண்டு. தெளித்த டீசல் உடனே பற்றாமல் ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்து மொத்தமாகப் பற்றுவதால் வருவது அது. குளிரில் கூடுதலாக இருக்கும். ஹாரிஸ்மித்திலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ ஜூலை மாதக் குளிர்காலக் காலையில் வெள்ளைப் புகையோடு கடகடத்து, சூடானதும் அடங்கினால், ஸ்டார்ட்டில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கைச் சோதித்தால் போதும்.

ஒரே சிலிண்டரிலிருந்து கூர்மையாக "டக் டக்" என்று, சூடான பிறகும், சும்மா நிற்கும்போதும் வந்தால் இன்ஜெக்டர்தான் முதல் சந்தேகம். அதன் உள்ளே இருக்கும் ஊசி (நீடில்) ஒட்டிக்கொண்டு தேவைக்கு மேல் டீசலைச் சொட்டுகிறது.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்கும் முறை முக்கியம். பழைய மெக்கானிக்குகள் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பைப்பிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும், கையையே வெட்ட வேண்டி வரலாம். எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு இன்ஜெக்டரின் எலக்ட்ரிக் கனெக்டரைக் கழற்றி, பிறகு ஸ்டார்ட் செய்து கேளுங்கள். அல்லது ஸ்கேனரில் சிலிண்டர் கட்-ஆஃப் சோதனை செய்யுங்கள். எந்தச் சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. அடுத்து ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் தனித்தனி புட்டியில் விட்டு, எதில் அதிகமாக டீசல் சேர்கிறது என்று பாருங்கள். ஒன்றில் மற்றவற்றைவிட வெகுவாகக் கூடியிருந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. புதிதாகவோ ரீகண்டிஷன் செய்தோ போடும்போது, அதன் மேலே அச்சிட்ட குறியீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் நல்ல இன்ஜெக்டரும் தட்டும்.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்படம் இந்த நாட்டில் இருக்கிறது. விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்க்கு எரிபொருள் வரி கிடையாது என்பதால் கலக்கிறவர்களுக்கு லாபம். மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு இல்லை. அதனால் ஹை பிரஷர் பம்பும் இன்ஜெக்டரும் உரசித் தேயும். நிரப்பிய உடனே சத்தமும் புகையும் மாறினால் அந்த ரசீதை எறியாதீர்கள். டாங்கிலிருந்து ஒரு சுத்தமான புட்டியில் மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வாட்டர் செபரேட்டரைத் திறந்து வடியுங்கள்.

இங்கே அதிகம் ஓடும் எஞ்சின்களில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய சில உண்டு. ஹைலக்ஸ் 3.0 டி-4டி எஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசியும். எரிந்த வாயு மேலே ஏறி ஆயிலில் கலந்து கரியாகும். அந்தக் கரி சம்ப்புக்குள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். வலை அடைத்தால் பேரிங்குக்கு ஆயில் போகாது, எஞ்சின் அடியில் தட்டத் தொடங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் நிறைந்து நிற்கும், ஆனாலும் எஞ்சின் ஆயிலில்லாமல் சாகும்! அதனால் அந்த வண்டி வைத்திருப்பவர்கள் குளிர்ந்த ஸ்டார்ட்டில் மேலிருந்து "சுஃப் சுஃப்" என்று வருகிறதா, வால்வு கவருக்குள் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். கூடவே சம்ப்பின் அடித்தட்டை இறக்கி வலையைக் கட்டாயம் சுத்தம் செய்யுங்கள்.

நிசானின் 2.5 டீசலில் டைமிங் செயின் நீளும். காலை ஸ்டார்ட்டில் முன்பக்கம் ஓரிரு விநாடி சலசலத்து அடங்குவது முதல் எச்சரிக்கை. செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஃபோர்டு ரேஞ்சரின் 2.2, 3.2 டீசலில் ஆயில் மாற்றும்போது வடியவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு மேல் காலியாக விட்டால் ஆயில் பம்ப் பிரைமை, அதாவது ஆயிலை உறிஞ்சும் பிடியை, இழந்துவிடும், ஸ்டார்ட் செய்த பிறகு பேரிங்குக்கு ஆயில் ஏறாது. புதிய ஃபில்டரையும் ஆயிலையும் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு வடியுங்கள், உடனே நிரப்புங்கள்.

அடியிலிருந்து வரும் கனமான தட்டல்

ராடு பேரிங் சத்தம் 2,000 முதல் 2,500 சுற்றில், லேசாக ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது நன்றாகக் கேட்கும். ஆயில் சூடாகி நீர்க்க நீர்க்க அதிகமாகும். அந்தச் சிலிண்டரை நிறுத்தினால் தெளிவாகக் குறையும். பெட்ரோல் எஞ்சினில் நிறுத்தும்போது, எஞ்சினை அணைத்துவிட்டு இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் இரண்டின் கனெக்டரையும் கழற்றுங்கள். இன்ஜெக்டரை விட்டால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய்ச் சேரும். கிராங்கையே தாங்கும் மெயின் பேரிங் என்றால் இன்னும் ஆழமாக, பாரம் ஏறும்போது அதிகமாகத் தட்டும். ஒரு சிலிண்டரை நிறுத்தினால் பெரிதாக மாறாது. குளிரில் மட்டும் வந்து சூடானதும் மறைவது, பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டும் பிஸ்டன் ஸ்லாப். அதோடு வருஷக்கணக்கில் ஓடும் வண்டிகள் உண்டு, பயப்பட வேண்டாம். சும்மா நிற்கும்போது இரட்டைத் தட்டாகக் கேட்டால் பிஸ்டன் பின்.

சந்தேகத்தை உறுதி செய்ய இரண்டு சோதனைகள் போதும். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜை மாட்டுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். கையேடு இல்லையென்றால் 1,000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ என்ற பழைய கணக்கு ஓரளவு உதவும். அடுத்து ஆயில் ஃபில்டரை அறுத்து, காகித மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். செம்பு நிறத் துகள் என்றால் பேரிங்கின் மேல்பூச்சு போய் உள்ளடுக்கே தேய்கிறது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாத வெள்ளை மினுக்கு பிஸ்டனின் அலுமினியமாகவும் இருக்கலாம், பேரிங் பூச்சாகவும் இருக்கலாம்.

ஆயிலைத் தடித்ததாக மாற்றினால், அல்லது ஒரு டப்பா அடிட்டிவ் ஊற்றினால் இந்தச் சத்தம் சில நாள் மறையும். அப்படி மறைத்துவிட்டு இன்னொரு குடும்பத்தின் தலையில் வண்டியை விற்பது பாவம். பழைய பக்கி வாங்கப் போகிறவர்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும், அரை மணி ஓட்டிச் சூடான பிறகு ஒரு முறையும் கேளுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் மறு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பேரிங் மாற்றும் வேலை

சீக்கிரம் பிடித்துவிட்டால், கிராங்கில் கீறல் இல்லையென்றால், எஞ்சினை இறக்காமலே ராடு பேரிங்கை மாற்றலாம். பல 4x4 பக்கிகளில் முன் டிஃபரன்ஷியலை இறக்கினால்தான் சம்ப் வெளியே வரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஆக்சில் ஸ்டாண்ட் கட்டாயம்.

ராடு கேப்பைக் கழற்றும் முன் எந்த ராடுக்கு எந்த கேப், எந்தப் பக்கம் என்று குறியிடுங்கள். மாறிப் போனால் புதிய பேரிங்கும் பிடித்துக்கொள்ளும். கிராங்க் ஜர்னலை, அதாவது பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதியை, நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் மெஷின் ஷாப்புக்குத்தான் போக வேண்டும். மாட்டாவிட்டாலும் மைக்ரோமீட்டரால் நாலு திசையில் அளந்து, முட்டை வடிவமாகவில்லை என்று உறுதி செய்யுங்கள். தேய்ந்திருந்தால் கிராங்கை 0.25 அல்லது 0.50 மி.மீ. அரைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவது வழக்கம். இடைவெளியை பிளாஸ்டிகேஜ் வைத்து அளக்கலாம். ஜர்னல் மேல் அந்த மெழுகு நூலை வைத்து, கேப்பை முழு டார்க்குக்கு இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் மறுபடி கழற்றி, நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். பல எஞ்சின்களில் இது 0.02 முதல் 0.06 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் எஞ்சினுக்கான அளவைக் கையேட்டில் பாருங்கள்.

பேரிங்கின் முதுகுப் பக்கம் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், முன்பக்கம் அசெம்பிளி ஆயில் தடவ வேண்டும். டார்க்கோடு டிகிரியும் சொல்லியிருக்கும் போல்ட்டுகள் ஒரு முறை நீண்டுவிடுபவை, பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, பேரிங் ஏன் போனது என்று தேடாமல் மூடினால் மறுபடி அதே இடத்துக்கு வருவீர்கள். ஆயில் பம்பைத் திறந்து பாருங்கள், வலையைக் கழுவுங்கள். ஆயில் கூலரை மாற்றிவிடுவது நல்லது, அதன் இடுக்குகளில் தங்கிய துகள் எத்தனை கழுவினாலும் முழுசாக வராது. டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பையும் சுத்தம் செய்யுங்கள்.

கிராங்கும் பிளாக்கும் தேறவில்லையென்றால் ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சினை வாங்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். வாங்கும் முன் கம்ப்ரஷன் பாருங்கள், ஆயில் மூடியைத் திறந்து கரி பாருங்கள், சம்ப்பை இறக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். எஞ்சின் எண் மாறினால் போலீஸ் கிளியரன்ஸ் எடுத்துப் பதிவையும் மாற்ற வேண்டும், அதனால் எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்டும் பில் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பிறகு மாட்டி ஸ்டார்ட் செய்து, சும்மா நிற்கவிட்டுக் கேஜைப் பாருங்கள். முதல் சில நூறு கி.மீ. பாரமோ டிரெய்லரோ வேண்டாம், ஒரே சுற்றில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம். 500 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்பில் மினுக்கு எதுவும் இல்லையென்று பார்த்த பிறகு மூட்டைகளை ஏற்றலாம்.